பூட்டிய அலமாரியிலிருந்து சட்டைப் பைக்கு: நலாக்ஸோன் வந்த வழி

வெள்ளை நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பிளாஸ்டிக் கருவி அது. நுனியை மூக்குத் துவாரத்துக்குள் நுழைத்து, அடியில் இருக்கும் குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினால், உள்ளே இருக்கும் மருந்து மொத்தமும் ஒரே பீய்ச்சலில் போய்விடும். வேலை செய்கிறதா பார்ப்போம் என்று வெளியே ஒருமுறை அழுத்திவிட்டால் தொலைந்தது, இரண்டாவது அழுத்தலுக்கு அதில் ஒரு துளிகூட இருக்காது. பெட்டிக்கு இரண்டு கருவி வைத்து விற்கிறார்கள். முதல் பீய்ச்சலில் ஆள் மூச்சு விடவில்லையென்றால் இரண்டு மூன்று நிமிடம் கழித்து அடுத்த துவாரத்தில் அடிப்பதற்காக இரண்டாவது.

இந்த மருந்தின் பெயர் நலாக்ஸோன். ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகைப் பொருள்கள் உடல் தாங்கும் அளவைத் தாண்டிப் போய் மூச்சை நிறுத்தும்போது, அந்த மூச்சைத் திரும்பக் கொண்டுவருவது இதுதான். மருந்து புதிதல்ல. 1961-ல் காப்புரிமைக்கு விண்ணப்பமாகி, 1971-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலும் பெற்றுவிட்டது. அந்த நாட்டில் மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கலாம் என்று ஆனதோ 2023-ல்தான். நடுவில் 52 ஆண்டுகள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த 52 ஆண்டுகளைப் பற்றியது.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

நாம் நினைத்து நினைத்து மூச்சு விடுவதில்லை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறியதும் மூளைத்தண்டு அதை உணர்ந்து அடுத்த மூச்சை இழுக்க வைக்கிறது. தூக்கத்திலும் இந்தக் காவல் ஓயாது. ஓபியாய்டுகள் நரம்பணுக்களின் மேலுள்ள 'மியூ' ஏற்பிகளில் போய் ஒட்டி வலியை மறக்கச் செய்கின்றன. அதே ஏற்பிகள் மூச்சைக் கவனிக்கும் பகுதியிலும் இருக்கின்றன. அளவு மிஞ்சினால் காவல் கண்ணயர்ந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போனாலும் உடம்புக்கு மூச்சு இழுக்கத் தோன்றாது. இதயம் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அது ஓட்டும் ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும்.

நலாக்ஸோன் அந்த ஏற்பிகளை ஓபியாய்டைவிட இறுக்கமாகப் பற்றும். உட்கார்ந்திருப்பதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த பிறகு எதுவும் செய்யாது. சும்மா இருப்பதுதான் அதன் வேலை. போதை தராது, மயக்காது, பழக்கமாகாது. உடம்பில் ஓபியாய்டு இல்லாதவருக்குக் கொடுத்தால் பொதுவாக ஒன்றும் ஆகாது. ஆள் விழுந்ததற்குக் காரணம் போதைதானா வேறெதுவுமா என்று தெரியாமல் கொடுத்தாலும் அதனால் பெரிய கெடுதல் வராது. இதற்கு முன்னால் இருந்த நாலார்ஃபின் என்ற முறிமருந்து அப்படியல்ல. அதுவே மூச்சை மந்தமாக்கும் குணமுடையது. இவ்வளவு பத்திரமான ஒரு பொருளை இத்தனை காலம் பூட்டி வைத்தது ஏன் என்ற கேள்வி அதனால்தான் உறுத்துகிறது.

அடுத்தது நேரம். மூச்சு நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளைக்குச் சேதம் தொடங்கிவிடும். மூக்கில் அடித்த மருந்து வேலை செய்யவே இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். ஆம்புலன்ஸை அழைத்து, முகவரி சொல்லி, அது தெருவைக் கண்டுபிடித்து, மாடிப்படி ஏறி வருவதற்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. எந்த ஊராக இருந்தாலும் இதுதான் கதி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தரவுகளின்படி, போதை அளவு மீறி இறந்தவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேரின் மரணத்தின்போது பக்கத்திலோ பக்கத்து அறையிலோ இன்னொருவர் இருந்திருக்கிறார்.

அப்படி இருந்தவர் ஏன் ஒன்றும் செய்யவில்லை? பல நேரங்களில் அவருக்கு அது தூக்கமாகத்தான் தெரிந்திருக்கும். மூச்சுப் பாதை தளர்ந்து அடைபடும்போது தொண்டையிலிருந்து கர்ர்... கர்ர் என்று நீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். கேட்பவர் அதைக் குறட்டை என்று நினைத்து, "சரி, தூங்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். பயிற்சி வகுப்புகளில் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். பெயர் சொல்லிக் கூப்பிடு, மார்பெலும்பில் முஷ்டியால் அழுத்தித் தேய்த்துப் பார். தூங்குகிறவர் திட்டிக்கொண்டே எழுந்துவிடுவார். எழவில்லை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கிறது அல்லது சாம்பல் பூத்திருக்கிறது என்றால் அது தூக்கமில்லை. உடனே அவசர உதவியை அழைத்து, மருந்தைக் கொடுத்து, அது ஏறும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல்தான் ஆள் சாகிறார் என்பதால் ஊதும் அந்த மூச்சும் மருந்துக்குச் சமம்தான்.

இதெல்லாம் மருத்துவர்களுக்கு 1970களிலேயே தெரியும். ஆனால் மருந்து இருந்த இடம் அவசர சிகிச்சைப் பிரிவும் அறுவைக்கூடமும். ஆள் விழுந்த இடம் குளியலறையும் வாடகை அறையும் பூங்கா பெஞ்சும். இந்த இடைவெளியை முதலில் தாண்டியவர்கள் மருத்துவமனைக்காரர்கள் அல்ல, சிகாகோவில் போதை ஊசி போடுபவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தன்னார்வக் குழு. சிகாகோ ரெக்கவரி அலையன்ஸ் என்று பெயர். அதன் நிறுவனர்களில் ஒருவரே 1996-ல் ஹெராயின் அளவு மீறி இறந்துபோனார். அந்த ஆண்டிலேயே டான் பிக் என்பவரும் அவருடைய தோழர்களும் நலாக்ஸோன் குப்பிகளையும் ஊசிகளையும் ஒரு பையில் போட்டு, போதைப் பழக்கம் உள்ளவர்கள் கையிலேயே கொடுக்கத் தொடங்கினார்கள். அன்றைக்கு அது சட்டத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதே தெளிவில்லை.

தெளிவில்லாமல் போனதற்கு ஒரு வினோதமான காரணம் உண்டு. சொல்லப்போனால் இந்தக் கதையில் எனக்கு மிகச் சுவையாகப் படுவது இதுதான். மருந்துச் சீட்டு என்ற ஏற்பாடு ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: யாருக்கு நோயோ அவர் பெயரில் சீட்டு, யார் பெயரில் சீட்டோ அவர்தான் மருந்தைச் சாப்பிடுவார். நலாக்ஸோன் இந்த அனுமானத்துக்குள் அடங்கவே அடங்காது. மூச்சு நின்று கிடப்பவர் தானே எடுத்து மூக்கில் அடித்துக்கொள்ள முடியாது. எப்போதும் இன்னொருவர்தான் கொடுக்க வேண்டும். அதனால் மகனுக்காக அம்மா வாங்கினால் அம்மா நோயாளி இல்லை. மகன் பெயரில் எழுதினால் அதை அவன் தானே பயன்படுத்தப்போவதில்லை. அறை நண்பன் பெயரில் எழுதினால் அவன் யாருக்குக் கொடுப்பான் என்று டாக்டருக்கே தெரியாது. பார்த்திராத ஆளுக்கு மருந்து எழுதினால் உரிமம் போய்விடுமோ என்று டாக்டர் தயங்கினார். ஏதாவது ஆனால் நம் தலையில் விடியுமோ என்று மருந்துக்கடைக்காரரும் தயங்கினார்.

பூட்டு ஒவ்வொன்றாகத்தான் கழன்றது. 2001-ல் நியூ மெக்சிகோ மாநிலம், சாதாரண ஆள் இன்னொருவருக்கு நலாக்ஸோன் கொடுத்தால் வழக்குக்கு ஆளாக மாட்டார் என்று முதன்முதலாகச் சட்டம் செய்தது. அப்புறம் 'மூன்றாம் நபர் சீட்டு' வந்தது. குடும்பத்தாரும் நண்பர்களும் தங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளலாம். அடுத்து 'நிலை ஆணை': ஒரு மாநிலத்தின் சுகாதார அதிகாரி பொதுவான ஒரே ஆணையில் கையெழுத்துப் போட்டுவிடுவார், யார் வந்து கேட்டாலும் மருந்தாளுநர் அந்த ஆணையைச் சீட்டாக வைத்துக்கொண்டு கொடுக்கலாம். ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே மருந்துச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017 வாக்கில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இப்படி ஏதோ ஒரு வகைச் சட்டம் வந்துவிட்டது.

இதோடு ஒட்டிய இன்னொரு பூட்டு போலீஸ் பயம். ஆள் விழுந்ததும் அவசர எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸோடு போலீஸும் வரும், அறையில் கிடக்கும் பொட்டலத்துக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பிடிக்கும் என்றால் யார் அழைப்பார்கள்? உதவி கேட்டு அழைப்பவர் மீது போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போடக்கூடாது என்ற நல்ல சமாரியர் சட்டத்தையும் 2007-ல் நியூ மெக்சிகோதான் முதலில் கொண்டுவந்தது.

நலாக்ஸோனை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜாக் ஃபிஷ்மன் என்ற வேதியியலாளர். இன்னொருவர் மோசஸ் லெவன்ஸ்டைன். ஃபிஷ்மனுடைய மனைவியின் மகன் 2003-ல் ஹெராயின் அளவு மீறி இறந்தார். முறிமருந்து உருவாகி நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. அதை உருவாக்கியவரின் குடும்பத்துக்கே அது எட்டவில்லை.

சரி, சாதாரண மக்கள் கையில் கொடுத்ததால் பலன் இருந்ததா? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015-ல் வெளியிட்ட கணக்கின்படி, 1996 முதல் 2014 நடுப்பகுதிவரை உள்ளூர் அமைப்புகள் 1,52,283 பேருக்கு நலாக்ஸோன் பை கொடுத்திருந்தன. அவற்றால் மூச்சு மீண்டதாகத் தெரிவிக்கப்பட்ட நிகழ்வுகள் 26,463. இதில் கவனிக்க வேண்டியது யார் காப்பாற்றினார்கள் என்பது. பத்தில் எட்டுக்கும் மேல், காப்பாற்றியவர் இன்னொரு போதைப் பழக்கக்காரர். பக்கத்தில் இருப்பவர் அவர்தானே. குடும்பத்தாரும் நண்பர்களும் சேர்ந்தே பத்தில் ஒரு பங்குதான். போலீஸ்காரர் கையிலும் பள்ளி அலுவலகத்திலும் மருந்து இருப்பது நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் இருக்கும் மருந்து கொஞ்சமாக இருந்தால் அதை முதலில் யாரிடம் சேர்க்க வேண்டும் என்பதற்கு இந்த எண் பதில் சொல்கிறது. அந்தப் பதில் பல அரசியல்வாதிகளுக்குப் பிடிப்பதில்லை.

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் 19 ஊர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பயிற்சியும் மருந்தும் கொஞ்சமாகப் பரவிய இடங்களில், திட்டமே இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால், ஓபியாய்டு மரண வீதம் 27 சதவீதம் குறைவு. நன்றாகப் பரவிய இடங்களில் 46 சதவீதம் குறைவு. ஒன்றிரண்டு பேரிடம் இருந்தால் போதாது, தெருவில் திரும்பிய பக்கமெல்லாம் யாரிடமாவது இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

எதிர்ப்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மெய்ன் மாநில ஆளுநராக இருந்த பால் லபாஜ் 2016-ல், சீட்டில்லாமல் மருந்தாளுநர் நலாக்ஸோன் தரலாம் என்ற மசோதாவைத் தடுத்தபோது, இந்த மருந்து உயிரைக் காப்பதில்லை, அடுத்த ஓவர்டோஸ் வரைக்கும் நீட்டிக்கிறது, அவ்வளவுதான் என்று எழுதினார். சட்டமன்றம் அவருடைய தடையை மீறி மசோதாவை நிறைவேற்றியது. இதே வாதத்தைப் பொருளியல் மொழியில் சொன்னவர்களும் உண்டு. காப்பு கையில் இருக்கிறது என்று தெரிந்தால் ஆட்கள் துணிந்து அதிகம் எடுப்பார்கள், அதனால் மரணம் குறையாது என்று ஜெனிஃபர் டோலியாக், அனிதா முகர்ஜி என்ற இருவர் 2018-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். பொது சுகாதார ஆய்வாளர்கள் பாய்ந்தார்கள். ஒரு மாநிலத்தில் சட்டம் வந்த நாளும் மருந்து தெருவுக்கு வந்த நாளும் ஒன்றல்ல, ஃபென்டனில் சந்தையைப் பிடித்ததும் அதே ஆண்டுகளில்தான், இவற்றை எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டார்கள்.

என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும். துணிந்து எடுப்பார்கள் என்பவர்கள் நலாக்ஸோனால் எழுந்தவரின் நிலையை யோசித்ததாகத் தெரியவில்லை. ஏற்பிகளிலிருந்து ஓபியாய்டு ஒரே நேரத்தில் தள்ளப்படுவதால் வாந்தி, வியர்வை, குளிர், உடம்பெல்லாம் வலி என்று கண் விழிக்கும்போதே திண்டாட்டம்தான். உயிரைக் காப்பாற்றியவரைத் திட்டுகிறவர்கள்கூட உண்டு. காசு கொடுத்து வாங்கிய போதையையும் இழந்து இந்தப் பாடும் படலாம் என்று யாரும் திட்டம் போட மாட்டார்கள். ஆனால் லபாஜ் சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது: நலாக்ஸோன் பழக்கத்துக்கு வைத்தியம் இல்லை. அதற்கு வேறு மருந்துகள் உண்டு. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றில் ஒன்றான பியூப்ரனார்ஃபின் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே தொடங்கப்பட்டவர்களில் 78 சதவீதம் பேர் ஒரு மாதம் கழித்தும் சிகிச்சையில் இருந்தார்கள். வெறுமே இன்ன இடத்துக்குப் போங்கள் என்று சீட்டெழுதி அனுப்பப்பட்டவர்களில் 37 சதவீதம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்த்தால், இத்தாலியில் 1990களிலிருந்தே சீட்டில்லாமல் கிடைக்கிறது. பிரிட்டனில் 2005 முதல், உயிர் காக்கும் அவசரத்தில் யார் வேண்டுமானாலும் நலாக்ஸோன் ஊசி போடலாம். ஸ்காட்லாந்து 2011-ல் நாடு முழுவதற்குமான திட்டம் தொடங்கியது, உலகில் அதுவே முதல். கனடா 2016-ல் சீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவும் அதே ஆண்டில் சீட்டை நீக்கி, 2022 ஜூலை முதல் நாடெங்கும் இலவசமாகவே கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2014-ல், ஓவர்டோஸைப் பார்க்க நேரக்கூடிய எல்லோருக்கும் மருந்தும் பயிற்சியும் கிடைக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பிறகு கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உக்ரைன் நாடுகளில் 14,000க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது.

சட்டம் திறந்த கதவை விலை மறுபடி சாத்தியது. இது தனிக் கதை. குப்பியில் வரும் நலாக்ஸோன் மலிவான, காப்புரிமை காலாவதியான மருந்து. காசு பிடித்ததெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் கருவியில். 2014-ல் எவ்ஸியோ என்ற தானியங்கி ஊசி வந்தது. எப்படிப் போடுவது என்று பெட்டியே பேசி வழிகாட்டும். ஃபென்டனில் மரணங்கள் ஏற ஏற அதன் விலையும் ஏறி, ஒரு கட்டத்தில் இரண்டு ஊசி அடங்கிய பெட்டி 4,000 டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்க செனட் குழு விசாரித்துக் கண்டித்தது. அந்தக் கருவி இப்போது சந்தையில் இல்லை. 2015-ல் நார்கன் என்ற பெயரில் வந்த நலாக்ஸோன் மூக்கு ஸ்பிரேதான் நிலைத்தது.

2023 மார்ச் 29 அன்று நார்கன் சீட்டில்லா மருந்தானது. செப்டம்பரில் கடைகளுக்கு வந்தபோது இரண்டு ஸ்பிரே சுமார் 45 டாலர். இங்கேதான் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. சீட்டு மருந்துக்குக் காப்பீடு பணம் கொடுக்கும், சீட்டில்லா மருந்துக்குப் பெரும்பாலும் கொடுக்காது. காப்பீட்டில் கிட்டத்தட்ட இலவசமாக வாங்கிக்கொண்டிருந்த சிலருக்கு, 'எளிதாகக் கிடைக்கிறது' என்ற அறிவிப்புக்குப் பிறகு கைக்காசு போட வேண்டிய நிலை. திருட்டுக்குப் பயந்து கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்த கடைகளும் உண்டு. ஆளைக் கூப்பிட்டு, அவர் சாவியோடு வந்து, உங்களைத் தலை முதல் கால் வரை பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பார்வைக்குப் பயந்து திரும்பிப் போகிறவருக்கு மருந்துச் சீட்டு நீங்கி என்ன, நீங்காவிட்டால் என்ன?

இதற்கான மாற்று வழிகள் சின்னச் சின்னதாக முளைத்தன. கலிஃபோர்னியா மாநிலம் 2024-ல் தானே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு இரண்டு ஸ்பிரேயை 24 டாலருக்குக் கொண்டுவந்தது. ரெமடி அலையன்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு மலிவான குப்பி நலாக்ஸோனை மொத்தமாக வாங்கித் தெருப்பணி செய்யும் குழுக்களுக்கு அனுப்புகிறது. இலவச மருந்து வைத்த தானியங்கி விற்பனைப் பெட்டிகளும் பழைய செய்தித்தாள் பெட்டிகளில் நிரப்பி வைக்கப்பட்ட ஸ்பிரேகளும் வந்தன. யாரும் பெயர் கேட்பதில்லை. இதில் நூலகங்களுக்கும் ஒரு பங்குண்டு. 2017-ல் பிலடெல்பியாவின் மக்பர்சன் சதுக்க நூலகப் பணியாளர்கள், புத்தக மேசையை விட்டுப் புல்வெளிக்கு ஓடிப்போய் மூச்சு நின்றவர்களுக்கு மருந்து கொடுத்தது உலகச் செய்தியானது.

அதே நேரத்தில் நிறுவனங்கள் இன்னொரு திசையில் போயின: அளவைக் கூட்டுவது. ஃபென்டனில் மார்ஃபினைவிட சுமார் 100 மடங்கு வீரியமானது, ஆகவே முறிமருந்தும் பலமாக வேண்டும் என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நார்கனில் 4 மில்லிகிராம். 2021-ல் 8 மில்லிகிராம் ஸ்பிரே வந்தது. நியூயார்க் மாநிலப் போலீஸார் இரண்டையும் பயன்படுத்திய நிகழ்வுகளை ஒப்பிட்டு 2024-ல் ஓர் அறிக்கை வந்தது. உயிர் பிழைத்தவர் விகிதம் இரண்டிலும் ஒன்றே, 99 சதவீதத்தை ஒட்டி. வாந்தி உள்ளிட்ட அவஸ்தைகள் மட்டும் 8 மில்லிகிராமில் ஏறத்தாழ இரு மடங்கு. பெரிய பீய்ச்சலால் கூடியது துன்பமும் விலையும்தான் என்று தெருவில் வேலை செய்பவர்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் போதை அளவு மீறிய மரணங்கள் 2022-ல் சுமார் 1,08,000. 2024-ல் சுமார் 80,000. இந்த இறக்கத்தில் நலாக்ஸோனின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். சிகிச்சை கூடியிருக்கிறது, தெருவில் கிடைக்கும் பொருளின் கலவை மாறியிருக்கிறது, பாதிக்கப்படக்கூடியவர்களில் பலர் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள். மூன்றையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

மருந்தால் முடியாதவையும் உண்டு. அது 30 முதல் 90 நிமிடம்வரைதான் ஏற்பிகளைப் பிடித்திருக்கும். உடம்பில் ஓபியாய்டு அதற்குமேலும் தங்கினால் ஆள் மறுபடி மூச்சை இழக்கலாம். எழுந்துவிட்டார் என்று தனியே விட்டுப் போகாதீர்கள் என்று சொல்வது அதனால். கால்நடை மயக்கமருந்தான சைலசின் இப்போது பல இடங்களில் ஃபென்டனிலோடு கலந்து வருகிறது. நலாக்ஸோன் அதைத் தொடாது. மூச்சு திரும்பும், ஆனால் கண் திறக்காது. பதறி மூன்று நான்கு என்று அடித்துக்கொண்டே போகாமல், மூச்சு ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கப் பயிற்சியாளர்கள் இப்போது சொல்லித்தருகிறார்கள்.

பெரிய ஓட்டை, யாருமே பக்கத்தில் இல்லாதபோது. எத்தனை ஸ்பிரே மேசைமேல் இருந்தாலும் தனியாளுக்கு அது உதவாது. இதற்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் தொலைபேசிச் சேவைகள் நடக்கின்றன. போதை எடுக்கும் முன் அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் எந்த இடம், எந்த மாடி, கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். புத்தி சொல்ல மாட்டார். பேசிக்கொண்டே இருப்பார். பதில் வராமல் போனால், குறித்து வைத்த முகவரியைச் சொல்லி ஆம்புலன்ஸை அழைப்பார்.